கெமெட்டிய வழிபாடு: பண்டை எகிப்தியச் சடங்குகளின் மறுவாழ்வு

பண்டை எகிப்தியர் தம் நாட்டைக் கெமெட் என்றனர்; கருமண் நாடு என்பது பொருள். அதன் தெய்வங்களைப் பழைய மந்திரங்களாலேயே இன்று வழிபடுவோரின் நெறி கெமெட்டியம். வழிவழி வந்த மரபன்று, ஏடுகளிலிருந்து மீட்டது. பிலே தீவுக் கோயிலில் கி.பி. 394இல் கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் ஆட்சியில், அக்கோயிலும் மூடப்பட்டது. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தார்.

அதன்பின் எகிப்தியல் அறிஞர்கள் பழைய ஏடுகளை வெளியிட்டனர். ஆனால் 1842இல் லெப்சியஸ் வெளியிட்ட 'இறந்தோர் நூல்', 1880களில் மாஸ்பெரோ கண்டெடுத்த பிரமிடு வாசகங்கள் இரண்டும் இறந்தவர்க்கானவை. அன்றாடப் பூசைக்கு வழிகாட்டியது பெர்லின் பாப்பிரஸ் 3055. கர்னாக் கோயிலில் அமுன் தெய்வத்துக்குச் செய்த காலைப் பூசை அதில் 66 பகுதிகளாக உள்ளது. பூசகர் களிமண் முத்திரையை உடைத்து, தாழை விலக்கி, கருவறைக் கதவைத் திறப்பார். தெய்வத்தின் முகம் கண்டதும் மண்ணில் விழுந்து முத்தமிடுவார். தூபம், தைலம், துணி என ஒவ்வொன்றுக்கும் தனி மந்திரம். எல்லாம் முடிந்து வெளியேறும்போது தம் காலடித் தடங்களைத் தாமே துடைப்பத்தால் பெருக்கி அழிப்பார். அபிதோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலின் சுவர்களில் இச்சடங்கை இன்றும் பார்க்கலாம்.

இந்தப் பூசையில் ஒரு சிக்கல் உண்டு. தெய்வத்தைக் காண என்னை அனுப்பியவர் அரசரே என்று பூசகர் அறிவிக்க வேண்டும். அரசரில்லாத காலத்தில் இதை யார் சொல்வது? தற்காலக் கெமெட்டியத்தின் வரலாறே பெரிதும் இக்கேள்விக்கான விடைகள்தாம். 1970இல் கலிஃபோர்னியாவில் ஓர் எகிப்தியத் திருச்சபையும், 1973இல் நியூயார்க்கில் ஆப்பிரிக்க வேர்களைத் தேடிய அவுசர் அவுசெத் சங்கமும் தோன்றின. 1988இல் சிகாகோவில் கெமெட்டிக் ஆர்த்தடாக்சியைத் தொடங்கிய தமரா சியூடா, அரசரைக் குறிக்கும் 'நிசுத்' பட்டத்தைத் தாமே ஏற்றார். ஆனால் உறுப்பினர் எவரும் வீட்டிலேயே செய்யும்படி 'செனுத்' என்ற தினசரி வழிபாட்டையும் வகுத்தார். ரிச்சர்ட் ரைடி 2010இல் வெளியிட்ட நூல், கோயில் சடங்குகளையே வீட்டுக்கு ஏற்றவாறு தந்தது.

வீட்டுப் பூசையின் முதல் வேலை தூய்மை. அன்று வாதி நத்ரூன் பள்ளத்தாக்கின் நேட்ரான் உப்பை வாயிலிட்டுக் கொப்பளித்தனர். இன்று சமையல் சோடாவும் உப்பும் கலந்த தண்ணீர். படைத்த ரொட்டியைப் பிறகு பிரசாதம்போல உண்பது பழைய வழக்கமே. உச்சரிப்பில்தான் தடுமாற்றம்: எகிப்திய எழுத்தில் உயிரொலி இல்லை. ஒரே சொல்லை 'ஹெதெப்' என்பாரும் 'ஹோதெப்' என்பாரும் உண்டு. பண்டை எகிப்திய மொழியின் கடைசி வடிவமான, உயிரெழுத்துகளோடு எழுதப்பட்ட கோப்திக் ஓரளவு துணைசெய்கிறது.

என் பார்வையில், இன்றைய வழிபாட்டுக்கு இயல்பாகப் பொருந்துவது கல்லறைக் கற்களில் உள்ள படையல் வாசகம். அது அரசர் பெயரில் தொடங்கினாலும், அதைச் சொல்லப் பூசகர் தேவையில்லை. ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர் என்று வாயால் சொன்னாலே படைத்ததாகும். செலவில்லை, வாயின் மூச்சு போதும் என்று அக்கற்கள் வழிப்போக்கரிடம் கேட்கின்றன. அருங்காட்சியகத்தில் அத்தகைய கல்லின்முன் நின்று, நாலாயிரம் ஆண்டுக்கு முன் மறைந்தவரின் பெயரை மெல்ல உச்சரிக்கும் கெமெட்டியர் இன்றும் உண்டு.