சுவருக்குக் காது முளைத்த வரலாறு

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று நம் முன்னோர் எச்சரித்து வைத்தார்கள். அவர்கள் அஞ்சியது அண்டை வீட்டாரையும் அரசனின் ஒற்றனையுமே. சோப்பும் சீப்பும் விற்கும் வணிகனும் ஒருநாள் நம் கூடத்துச் சுவரோரம் காது கொடுப்பான் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். அந்தக் காது முளைத்த விதத்தைச் சற்றே பார்ப்போம்.

வானொலிப் பெட்டி நம் நாட்டு வீடுகளில் புகுந்த காலத்தில் அதற்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் உண்டு. தபால் நிலையத்தில் வரிசையில் நின்று பணம் கட்டி வந்த பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1980-களில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. ஒரு வீட்டில் வானொலி இருக்கிறது என்பது சர்க்காருக்குத் தெரியும். அதில் எந்த நிலையம் ஒலிக்கிறது என்பது தெரியாது. 1967 நவம்பரில் விவித பாரதியின் பம்பாய், புனா, நாகபுரி ஒலிபரப்புகளில் வணிக விளம்பரங்கள் தொடங்கிய பின்னரும் நிலைமை மாறவில்லை. விளம்பரம் பேசிற்று, வீடு கேட்டது, அவ்வளவே.

ஆயினும் பணம் கொடுத்து விளம்பரம் செய்பவன், கேட்டவர் யார் என்று அறிய விரும்புவது இயல்புதானே? அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் 1942 முதல் ஆடிமீட்டர் என்னும் கருவியைக் கொண்டு, வானொலியின் முள் எந்நேரம் எந்த நிலையத்தில் நின்றது என்று பதிவு செய்து கணக்கெடுத்து வந்தது. பின்னாளில் ஆர்பிட்ரான் நிறுவனம் வேறொரு வழி கண்டது. ஒலிபரப்புக்குள்ளேயே மனிதச் செவிக்குப் புலப்படாத குறியீடு ஒன்றைக் கலந்துவிடுவார்கள். உடம்பில் அணியும் சிறு கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். 2007-இல் பிலடெல்பியா நகரில் இது வணிக முறையில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2015 முதல் டெலிவிஷன் பார்ப்போரைக் கணக்கிடும் பார்க் அமைப்பும் இத்தகைய ஒலி முத்திரையையே கையாளுகிறது. இவற்றில் நாம் குறை காண்பதற்கில்லை. தேர்ந்தெடுத்த சில வீடுகளில், வீட்டாரின் சம்மதம் பெற்று, கண்ணெதிரே வைக்கப்படும் கருவி அது. வாசல் வழியே வந்த விருந்தாளி.

கொல்லைப்புற வழி பின்னர் திறந்தது. 2006-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த மாநாடு ஒன்றில், கூகுள் ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு யோசனையை முன்வைத்தனர். அறையில் ஓடும் டெலிவிஷனின் ஒலியைக் கணினியின் மைக் கேட்கும். நிகழ்ச்சி இன்னதென்று கண்டறிந்து, அதற்கேற்ற செய்தியையும் விளம்பரத்தையும் திரையில் காட்டும். ஒலியைச் சுருக்கி எண்களாக்கி அனுப்புவதால், அவற்றிலிருந்து வீட்டாரின் பேச்சை மீட்க இயலாது என்று அவர்கள் உறுதி கூறினர். அந்த உறுதியில் நியாயம் இருந்தது. ஆனால் பின்னால் வந்த எல்லோரும் அதே கவனத்துடன் வருவார்கள் என்பதற்கு யார் ஜாமீன்?

அடுத்த கட்டத்தில் நம் நாட்டின் பெயரே அடிபட்டது. தில்லியை அடுத்த குருகிராமில் வேரூன்றிய சில்வர்புஷ் நிறுவனம், டெலிவிஷன் விளம்பரத்தில் செவிக்கு எட்டாத மெல்லிய ஒலி ஒன்றைப் பொதித்தது. விநாடிக்குச் சுமார் 18,000 முதல் 20,000 அதிர்வுகள் கொண்ட ஒலி அது. வயது வந்தோர் காதில் பெரும்பாலும் விழாது. பக்கத்து மேசையில் கிடக்கும் கைபேசிக்கோ நன்றாகவே கேட்கும். விளையாட்டுக்கோ பொழுதுபோக்குக்கோ நாம் ஏற்றிக்கொண்ட செயலி ஒன்றில் அந்நிறுவனத்தின் நிரல் ஒளிந்திருக்குமானால், இந்தக் கைபேசிக்காரர் இந்த விளம்பரத்தைப் பார்த்தார் என்ற தகவல் போய்ச் சேரும். டெலிவிஷனும் கைபேசியும் கணினியும் ஒரே ஆளுடையவை என்று முடிச்சுப் போடுவதும் எளிது. 2015-இல் அமெரிக்க உரிமை அமைப்பொன்று கூறிய கணக்கின்படி, அந்த நிரல் 67 செயலிகளில் இருந்தது. ஒரு கோடியே எண்பது லட்சம் கைபேசிகள் அதன் பார்வையில் இருந்தன.

2016 மார்ச்சில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பன்னிரண்டு செயலித் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. உங்கள் செயலிக்கு மைக் எதற்கு என்பதைப் பயனாளருக்கு நீங்கள் சொல்லவில்லையே என்பதே கடிதத்தின் சாரம். அந்நிறுவனம் அத்தொழிலைக் கைவிட்டதாக அறிவித்தது. ஆயினும் 2017-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் தேடியபோது, 234 செயலிகளில் அந்நிரல் தென்பட்டது. டெலிவிஷன் ஒலிபரப்புகளில் மட்டும் அந்த ஒலி அவர்களுக்கு அகப்படவில்லை. கடையைக் கட்டிய பிறகும் காது கழற்றப்படாமலே கிடந்தது போலும்!

கைபேசி நம் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டு விளம்பரம் காட்டுகிறது என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். 2018-இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட செயலிகளை ஆராய்ந்து, இதற்குச் சான்று காணவில்லை. எனவே வீண் பீதி வேண்டாம். ஆனால் அந்தரங்கம் வெளிப்படப் பேச்சே தேவையில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. கரோல்பாகிலும் மாதுங்காவிலும் வாழும் நம்மவர் பகலெல்லாம் இந்தியிலோ மராத்தியிலோ காரியம் பார்த்துவிட்டு, மாலையில் கதவைச் சாத்திய பிறகே தமிழுக்குள் நுழைகிறார்கள். கூடத்தில் தமிழ் நிகழ்ச்சி ஓடுகிறது என்ற ஒரு செய்தி போதாதா? வீட்டு மொழி எது, பிறந்த மண் எது, எந்நேரம் வீட்டிலிருப்பார் என்பதெல்லாம் அதிலிருந்தே ஊகிக்கத் தக்கவை. ஊரறியச் சொல்வது வேறு. கேளாமலே எழுதிக்கொள்வது வேறு.

2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பற்றிய பகுதிகள் செயலுக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. அச்சட்டத்தில் நமக்கு முக்கியமான வாசகம் ஒன்று உண்டு. ஒப்புதல் கேட்பவர் தம் வேண்டுகோளை ஆங்கிலத்தில் மட்டுமன்றி, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளில் நாம் விரும்பும் எதிலும் படிக்க வழி செய்ய வேண்டும். அம்மொழிகளில் தமிழும் ஒன்று. தில்லியில் குடியிருந்தாலும் கல்கத்தாவில் குடியிருந்தாலும், உங்கள் வீட்டு ஒலி எங்களுக்கு வேண்டும் என்று கேட்பவர் அதைத் தமிழிலே கேட்க வேண்டுமென நாம் சொல்லலாம்.