வழிபாடும் வழக்கமும்: இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா' காட்டும் நாளொழுக்கம் - ஒரு வரலாற்று நோக்கு

சமயங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு துறைகளிலேயே தம் கருத்தைச் செலுத்துவர். ஒன்று கொள்கை, மற்றையது நிறுவனம். இறைவனைப் பற்றிய கோட்பாடுகள் எவ்வாறு வளர்ந்தன, அவற்றைச் சார்ந்து ஆட்சியும் சட்டமும் கல்விக்கூடங்களும் எவ்வாறு எழுந்தன என்பன விரிவாக ஆராயப்படுகின்றன. ஆனால் ஒரு சமயத்தைப் பின்பற்றும் சாதாரண மனிதன் விடியலில் எழுந்து இரவில் உறங்கும் வரை எவ்வாறு உண்ணல் வேண்டும், விற்றல் வாங்கல் வேண்டும், பிறரோடு பேசிப் பழகல் வேண்டும் என அச்சமயம் கூறியது என்னும் வினாவும் வரலாற்று முக்கியத்துவம் உடையதே.

இஸ்லாமியச் சிந்தனை வரலாற்றில் இவ்வினாவுக்கு மிக விரிந்த விடை அளித்த நூல்களுள் தலையாயது, இமாம் அபூஹாமித் அல்-கஸ்ஸாலி (கி.பி. 1058-1111) அரபு மொழியில் இயற்றிய 'இஹ்யாஉ உலூமித்தீன்' ஆகும். 'சமய அறிவுகளுக்கு மீண்டும் உயிரூட்டல்' என்பது இப்பெயரின் பொருள். உயிர் நீங்கிய ஒன்றுக்கே மீண்டும் உயிரூட்டல் வேண்டும். கல்விக்கூடங்கள் பெருகி, அரசின் ஆதரவு நிறைந்து, சமய அறிவு செழித்திருந்ததாகத் தோன்றிய ஒரு காலத்தில், அவ்வறிவு உயிரிழந்து கிடக்கின்றது என ஓர் அறிஞர் கூறத் துணிந்தது ஏன்? அவ்வுயிரை உணவுத் தட்டிலும் கடைத்தெருவிலும் அவர் தேட முற்பட்டது ஏன்? இவ்விரு வினாக்களையும் அந்நூலின் காலப் பின்னணியோடு இணைத்து நோக்குவதே ஈண்டு மேற்கொள்ளப்படும் முயற்சியாகும்.

காலப் பின்னணி

கி.பி. 1055இல் செல்ஜூக்கியத் துருக்கியர் பக்தாதைக் கைப்பற்றினர். அப்பாஸியக் கலீபா பெயரளவில் தலைவராக விளங்க, உண்மை அதிகாரம் சுல்தான்களிடம் சென்றது. அல்ப் அர்ஸலான், மலிக்ஷா ஆகிய இரு சுல்தான்களிடமும் அமைச்சராகப் பணியாற்றிய நிஸாமுல் முல்க், பேரரசின் முக்கிய நகரங்களில் 'நிஸாமிய்யா' எனப் பெயர்பெற்ற கல்லூரிகளை நிறுவினார். பக்தாது நிஸாமிய்யா 1067இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கெய்ரோவைத் தலைநகராகக் கொண்டிருந்த பாத்திமியரின் இஸ்மாயீலியக் கொள்கைக்கு எதிராகச் சுன்னத்து வல் ஜமாஅத்துக் கொள்கையை வலுப்படுத்துவதும், ஆட்சிக்கு வேண்டிய கற்றறிந்த வகுப்பாரை உருவாக்குவதும் இக்கல்லூரிகளால் நிறைவேறிய பணிகளாகும். ஆசிரியருக்கு ஊதியமும் மாணவருக்கு உதவிப்பணமும் வக்பு வருவாயிலிருந்து கிடைத்தன.

இவ்வாறு சமயக் கல்வி ஒரு தொழில்வழியாக மாறியது. 'பிக்ஹு' எனப்படும் சட்டக்கலையைக் கற்றோர் காழிகளாகவும், வக்புச் சொத்துகளின் பொறுப்பாளராகவும், அநாதைகளின் உடைமைகளைப் பரிபாலிப்போராகவும் உயரலாயினர். அமைச்சர்களின் அவைகளில் நிகழ்ந்த சட்ட விவாதங்கள் அறிஞர்களின் புகழை நிர்ணயித்தன. இந்நிலையைக் கஸ்ஸாலி தமது நூலின் முதலாம் ஏட்டிலேயே கூர்மையான ஓர் எடுத்துக்காட்டினால் வெளிப்படுத்துகின்றார். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரேனும் இல்லை. மருத்துவமோ சமூகத்தின் மீது விதிக்கப்பட்ட பொதுக் கடமைகளுள் ஒன்று. அவ்வாறிருந்தும் எவரும் அதனை நாடாது சட்டக்கலையையே மொய்க்கின்றனர். மருத்துவத்தின் வாயிலாக வக்புகளின் பொறுப்பையோ நீதிபதிப் பதவியையோ பெறமுடியாது என்பதன்றி இதற்கு வேறு காரணம் என்ன என்பது அவர் எழுப்பும் வினா. கல்வியின் அளவு குன்றியமையன்று, அதன் நோக்கம் பிறழ்ந்தமையே அவர் கண்ட நோய் என்பது இதனாற் புலனாகும்.

பதவியும் துறவும்

இக்குறையைப் புறத்தே நின்று நோக்கியவரல்லர் கஸ்ஸாலி. குராசானைச் சேர்ந்த தூஸ் நகரிற் பிறந்த அவர், நைஸாபூரில் இமாமுல் ஹறமைன் எனப் புகழ்பெற்ற அல்-ஜுவைனியிடம் கல்வி கற்றார். 1085இல் ஆசிரியர் மறைந்த பின்னர் நிஸாமுல் முல்கின் அவையைச் சார்ந்தார். 1091இல், தமது முப்பத்து மூன்றாம் வயதளவில், பக்தாது நிஸாமிய்யாவின் தலைமை ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அங்கு ஏறத்தாழ முந்நூறு மாணவர் தம்மிடம் பாடங்கேட்டனர் என அவரே பின்னர் எழுதிய தன்வரலாற்று நூலிற் கூறுகின்றார். அடுத்த ஆண்டு, 1092இல், நிஸாமுல் முல்க் கொலையுண்டார். சில வாரங்களுள் மலிக்ஷாவும் இறந்தார். அரியணைக்கான போட்டி பேரரசைக் குலைத்தது.

1095ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கஸ்ஸாலியின் வாழ்வில் பெரியதொரு நெருக்கடி தோன்றியது. தாம் கற்பிப்பது இறைவனுக்காகவன்றிப் புகழுக்காகவே என்னும் ஐயம் அவரை வாட்டியது. பதவியைத் துறக்க ஒரு நாள் துணிவதும் மறுநாள் தளர்வதுமாக ஆறு மாதங்கள் கழிந்தன. இறுதியில் பாடஞ்சொல்ல நா எழாது போயிற்று, உணவும் செல்லவில்லை. மருத்துவர்கள் இஃது உள்ளத்தின் நோய் எனக் கைவிட்டனர். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் ஹஜ்ஜுக்குச் செல்வதாகக் கூறிக்கொண்டு, குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கி, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு அவர் பக்தாதை நீங்கினார். திமிஷ்க்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தனிமையிற் காலங்கழித்தார். இனி அரச அவை செல்வதில்லை, அரசரின் பொருளைப் பெறுவதில்லை, விவாதங்களில் ஈடுபடுவதில்லை என ஹெப்ரோனிலுள்ள இப்றாஹீம் நபியின் அடக்கத்தலத்திற் சூளுரைத்ததாகப் பிற்காலக் கடிதமொன்றிற் குறிப்பிடுகின்றார். 'இஹ்யா' பெரும்பாலும் இக்காலப் பகுதியின் விளைவாகும்.

நூலின் அமைப்பு

'இஹ்யா' நாற்பது ஏடுகளைக் கொண்டது. அவை பத்துப் பத்தாக நான்கு கால்பகுதிகளாய் வகுக்கப்பட்டுள்ளன. முதலாவது வழிபாடுகள், இரண்டாவது வழக்கங்கள், மூன்றாவது அழிவுக்கு இட்டுச்செல்லும் தீக்குணங்கள், நான்காவது ஈடேற்றத்துக்கு இட்டுச்செல்லும் நற்குணங்கள். முதலிரு பகுதிகளும் உடலாற் செய்யப்படும் செயல்களையும், பின்னிரு பகுதிகளும் உள்ளத்தின் நிலைகளையும் ஆராய்கின்றன.

இவ்வமைப்பிற் கூர்ந்து நோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, தொழுகை, ஸக்காத், நோன்பு, ஹஜ் முதலியவற்றுக்கு ஒதுக்கிய அதேயளவு ஏடுகளை உணவு, திருமணம், தொழில், நட்பு, பயணம் முதலிய வழக்கங்களுக்கும் அவர் ஒதுக்கியுள்ளமை. மற்றையது, வழக்கங்களின் பகுதியை நிறைவுசெய்யும் இருபதாம் ஏடு நபி பெருமானாரின் வாழ்க்கை முறையையும் பண்புகளையும் கூறுவதாக அமைந்துள்ளமை. நூலின் நட்டநடுவே, புறச்செயல் முடிந்து அகநிலை தொடங்கும் வாயிலில், ஒரு மனிதரின் அன்றாட வாழ்வு முன்மாதிரியாக நிறுத்தப்பட்டுள்ளது. அவர் எவ்வாறு உண்டார், உடுத்தார், சிரித்தார், மன்னித்தார் என்பனவே அங்குப் பொருளாகின்றன.

இந்நூலின் கருத்துகள் யாவும் கஸ்ஸாலிக்கே உரியன என்பதற்கில்லை. அல்-முஹாஸிபியின் உளவாராய்ச்சிக்கும், அபூதாலிப் அல்-மக்கியின் 'கூதுல் குலூப்' என்னும் நூலுக்கும் அவர் பெரிதும் கடன்பட்டவர். சட்டக்கலையையும் சூபிகளின் அகப்பயிற்சியையும் ஒரே ஒழுங்கினுள் இணைத்தமையே அவரது தனித்துவமாகும்.

வழிபாட்டின் அகம்

வழிபாடுகளைப் பற்றிய ஏடுகளிற் கஸ்ஸாலி சட்ட விதிகளை ஒதுக்கிவிடவில்லை. விதியைக் கூறி, அதன் உட்பொருளுக்குச் செல்வதே அவரது முறை. தூய்மை நான்கு படிகளை உடையது: உடலை அழுக்கிலிருந்தும், உறுப்புகளைப் பாவத்திலிருந்தும், உள்ளத்தைத் தீக்குணத்திலிருந்தும், உள்ளத்தின் உள்ளத்தை இறைவனல்லாத அனைத்திலிருந்தும் தூய்மை செய்தல். நோன்பும் மூன்று படித்தரமானது. பசியையும் இச்சையையும் அடக்குதல் பொதுமக்களின் நோன்பு. கண், செவி, நா, கை, கால் ஆகியவற்றைப் பாவத்தினின்றும் காத்தல் சிறப்பு நோன்பு. உலக எண்ணங்களினின்றும் நெஞ்சைக் காத்தல் அதனினும் உயர்ந்தது. பகலெல்லாம் பட்டினி கிடந்து, மாலையில் இருவேளை உணவையும் சேர்த்து உண்போன் நோன்பின் பயனை எங்ஙனம் பெறுவான் என அவர் வினவுகின்றார்.

தொழுகையில் உள்ளம் ஒன்றியிருத்தல் வேண்டும் என வற்புறுத்தும் அவர், அதனைச் சட்டநிபந்தனையாக விதிக்க இயலாமையையும் ஏற்றுக்கொள்கின்றார். சட்ட அறிஞர் புறத்தை மாத்திரமே அளக்க வல்லர். உள்ளத்தைத் திறந்து நோக்க எந்தக் காழியாலும் முடியாது. எனவே சட்டத்தின் முன் செல்லுபடியாகும் தொழுகை வேறு, மறுமைக்குப் பயன்படும் தொழுகை வேறாக இருத்தல் கூடும். கஸ்ஸாலியின் சிந்தனை முழுவதற்கும் அடிப்படையான வேறுபாடு இதுவே.

உணவும் கடைத்தெருவும்

இவ்வேறுபாடு வழக்கங்களின் பகுதியில் வேறொரு வடிவம் பெறுகின்றது. உண்ணல், உறங்கல், விற்றல் ஆகியன தம்மளவிற் புண்ணியமும் அன்று, பாவமும் அன்று. 'நிய்யத்' எனப்படும் நோக்கமே அவற்றை வழிபாடாக உயர்த்துகின்றது. நற்செயலுக்கு வலிமை பெறும் நோக்குடன் உண்பவனுக்கு உணவும் வணக்கமாகும். ஆதலின் கை கழுவுதல், இறைவன் பெயர் கூறித் தொடங்குதல், தனக்கு அண்மையிலுள்ளதை எடுத்தல், உணவைக் குறைகூறாமை, வயிறு நிறையுமுன் நிறுத்துதல், பிறரோடு கூடி உண்ணல் என்பன அவரது எழுத்தில் வெறும் நாகரிக விதிகளாக நில்லாது, பேராசையைக் கட்டுப்படுத்தும் பயிற்சிகளாகின்றன.

தொழிலைப் பற்றிய ஏடு வரலாற்று மாணவனுக்குப் பெருவிருந்து. கைத்தொழிலையும் வாணிகத்தையும் மக்கள் கைவிடின் வாழ்க்கை குலைந்து பெரும்பாலோர் அழிந்துபோவர். எனவே தொழில் செய்வோன் சமூகத்தின் பொதுக் கடமையொன்றை நிறைவேற்றும் நோக்குடன் கடைக்குச் செல்லல் வேண்டும் என்கின்றார். பொருளில் இல்லாத சிறப்பைக் கூறலாகாது. உள்ள குறையை மறைக்கலாகாது. எடையிலும் அளவிலும் வஞ்சித்தலாகாது. அந்நேர விலையை மறைக்கலாகாது. விலையேற்றத்தை எதிர்பார்த்து உணவுப்பொருளைப் பதுக்குதல் பெருந்தீமை.

போலி நாணயத்தைப் பற்றி அவர் கூறுவது இன்னும் ஆழமானது. திருட்டு ஒரு முறை நிகழ்ந்து முடிந்துவிடும். போலி நாணயமோ கைமாறிக் கைமாறிச் செல்லும். அதனைப் புழக்கத்தில் விட்டவன் இறந்த பின்னரும் அது பிறரை ஏமாற்றிக்கொண்டேயிருக்கும். எனவே அத்தகைய நாணயம் கையிற் கிடைப்பின் அதனைக் கிணற்றில் எறிந்துவிடுதலே தகும் என்கின்றார். தனிமனிதனின் செயல் அவனது ஆயுளையும் கடந்து சமூகத்தில் விளைவை உண்டாக்கும் என்னும் உணர்வு இங்கு வெளிப்படக் காணலாம். வணிகன் நீதியோடு அமைந்துவிடாது, 'இஹ்ஸான்' எனப்படும் கருணைக்கும் உயர்தல் வேண்டும். வறியவனிடம் வாங்கும்போது சற்றுக் கூடுதலாகக் கொடுத்தலும் கடனாளிக்குத் தவணை அளித்தலும் இதன்பாற்படும். கடைத்தெருவுக்கு முதலாவதாக நுழைந்து இறுதியாக வெளியேறுபவனாகவும் அவன் இருத்தலாகாது.

நாளின் ஒழுங்கு

இவ்வொழுக்கத்தைக் கற்கத் தொடங்குவோருக்காக அவர் எழுதிய சிறுநூல் 'பிதாயத்துல் ஹிதாயா' ஆகும். துயில் நீங்குவது முதல் மீண்டும் துயில்வது வரையான கடமைகளை அது வரிசைப்படுத்துகின்றது. பின்னர் கண், செவி, நா, வயிறு, மறைவுறுப்பு, கை, கால் ஆகிய ஏழு உறுப்புகளின் பாவங்களையும், பொறாமை, முகத்துதி, தற்பெருமை ஆகிய உள்ளத்து நோய்களையும் கூறி, இறைவனோடும் மக்களோடும் பழகும் முறையுடன் நிறைவுறுகின்றது. ஒரு நாளின் 24 மணித்தியாலங்களில் எட்டுக்கு மேல் உறங்கலாகாது. அவ்வாறாயினும் அறுபதாண்டு வாழ்பவன் இருபதாண்டுகளை உறக்கத்தில் இழக்கின்றான் என அவர் அதிற் கணக்கிட்டுக் காட்டுகின்றார். பாரசீக மொழியில் அவர் எழுதிய 'கீமியாயே ஸஆதத்' என்னும் நூலும் 'இஹ்யா'வின் கருத்துகளை அரபு அறியாத மக்களிடம் கொண்டுசென்றது.

எதிர்ப்பும் ஏற்பும்

'இஹ்யா' எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் அல்முறாவித்துகள் ஆண்ட காலத்தில், அலீ இப்னு யூஸுபின் ஆட்சியில், 1109ஆம் ஆண்டளவிற் குர்துபாவில் அந்நூல் பகிரங்கமாக எரிக்கப்பட்டது. இதற்குச் சட்ட அறிஞர்களே முன்னின்றனர். நூலாசிரியர் அப்பொழுது உயிரோடிருந்தார். பதவிக்காகச் சட்டம் கற்போரைக் கண்டித்த நூல், அரசரிடம் செல்வாக்குப் பெற்ற சட்ட அறிஞர்களால் எரிக்கப்பட்டமை, அக்கண்டனம் எய்திய இலக்கை ஓரளவு உணர்த்துகின்றது.

ஏனைய திறனாய்வுகள் அறிவு நேர்மையின் பாற்பட்டவை. கஸ்ஸாலி எடுத்தாண்ட ஹதீஸ்களுட் பல வலுக்குறைந்தவை என இப்னுல் ஜவ்ஸி (மறைவு 1201) குறைகூறினார். ஆயினும் அவரே அந்நூலைத் திருத்திச் சுருக்கி வெளியிட்டமை அதன் பெறுமதிக்குச் சான்று. பதினான்காம் நூற்றாண்டின் ஹதீஸ் அறிஞரான ஸைனுத்தீன் அல்-இறாக்கி அந்த ஹதீஸ்களின் மூலங்களைத் தனித்தனியே ஆராய்ந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில், இந்தியாவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த முர்தழா அல்-ஸபீதி விரிவான உரை வகுத்தார். கஸ்ஸாலி சார்ந்திருந்த ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் இலங்கை, தமிழகக் கரையோர முஸ்லிம்களிடையேயும் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்னும் சிறப்புப் பெயருடன் அவர் போற்றப்படுகின்றார்.

முடிவுரை

கஸ்ஸாலி 1106இல் மீண்டும் நைஸாபூர் நிஸாமிய்யாவிற் கற்பிக்கலானார். நிஸாமுல் முல்கின் மகனான அமைச்சர் பக்றுல் முல்கின் வேண்டுகோளே இதற்குக் காரணம். ஹெப்ரோனிற் செய்த சூளுரையோடு இது எவ்வாறு பொருந்தும் என வினவுவோர் உளர். முன்னர் புகழைத் தரும் அறிவைக் கற்பித்ததாகவும், இப்பொழுது புகழைத் துறக்கச் செய்யும் அறிவைக் கற்பிப்பதாகவும் அவர் விளக்கம் கூறினார். சில ஆண்டுகளில் அப்பணியையும் விடுத்துத் தூஸ் நகர் திரும்பி, 1111 டிசம்பரில் அங்கேயே மறைந்தார்.

பக்தாதில் நிகழ்ந்ததும் நைஸாபூரில் நிகழ்ந்ததும் புறத்தே ஒரே செயல்தான்: அதே கல்லூரி வகை, அதே ஆசிரியர் பீடம். வேறுபட்டது நோக்கம் ஒன்றே. உணவுக்கும் வாணிகத்துக்கும் அவர் கூறிய அளவுகோலே அவரது கற்பித்தற் பணிக்கும் அளவுகோலாயிற்று. அன்றாட வாழ்விலிருந்து பிரிந்த வழிபாடு சடங்காகும். நோக்கத்திலிருந்து பிரிந்த கல்வி வாணிகமாகும். வழக்கங்களை வழிபாட்டின் அருகே சமமாக வைத்த அவரது நூலமைப்பு, கல்வி பதவிக்கு ஏணியாகிய ஒரு யுகத்துக்கு அவர் அளித்த விடையாகும். கற்போரும் கற்பிப்போரும் உள்ள காலமெல்லாம் அவ்விடை தன் பொருளை இழக்காது எனலாம்.