ஒரே மின்னழுத்தத்தை நோக்கி: இந்தியப் புறநகர் மின்ரயில்களின் நூறாண்டு

மும்பைக்காரருக்கு அது ‘லோக்கல்’. சென்னைக்காரருக்கு ‘எலக்ட்ரிக் டிரெயின்’. இன்று நாட்டின் அகலப்பாதைகள் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. எழும்பூரிலிருந்து நெல்லைக்கும் குமரிக்கும் போகும் விரைவு வண்டிகளும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஆனாலும் அவற்றை யாரும் எலக்ட்ரிக் டிரெயின் என்று சொல்வதில்லை. அந்தப் பெயர் பிறந்த காலத்தில் தாம்பரத்தைத் தாண்டிப் போன வண்டிகளை நீராவி எஞ்சின்களே இழுத்தன. சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ஓடியது மட்டும் புகையில்லாத வண்டி. அந்த வேறுபாடு மறைந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வண்டிகளின் வரலாற்றைப் பெட்டிகளை வைத்தும் கூட்டத்தை வைத்தும் சொல்வது வழக்கம். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியைப் பின்தொடர்ந்தால் இன்னொரு வரலாறு கிடைக்கிறது. வெவ்வேறு காலங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மின்முறைகளை ஒரே முறைக்குள் கொண்டுவர இந்திய ரயில்வேக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மும்பை, சென்னை, கொல்கத்தா மூன்றும் அந்த மாற்றத்தை மூன்று விதமாகச் சந்தித்தன.

பம்பாயில் தொடக்கம்

1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதை வழியே இந்தியாவின் முதல் மின்ரயில் புறப்பட்டது. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் அந்த வண்டியைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்தவர் பம்பாய் ஆளுநர் சர் லெஸ்லி வில்சன். தூரம் சுமார் 16 கிலோமீட்டர். மின்னழுத்தம் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். மூன்றாண்டுகளில், 1928 ஜனவரியில், பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயும் கொலாபாவிலிருந்து போரிவலி வரை மின்வண்டிகளை ஓட்டத் தொடங்கியது.

இரண்டு நெருக்கடிகள் மின்மயமாக்கும் செலவுக்குத் தூண்டின. ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலை. கர்ஜத்–கண்டாலா, கசாரா–இகத்புரி பாதைகளில் 37 அடிக்கு ஓர் அடி ஏறவேண்டும். நீராவி எஞ்சின்கள் அங்கே திணறின. மற்றொன்று, நகருக்குள் பெருகிய கூட்டம்.

நீராவி வண்டி முனைய நிலையத்துக்கு வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி, வேறு பாதையில் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டவேண்டும். தண்ணீர் நிரப்பவேண்டும், நெருப்பைக் கவனிக்கவேண்டும். அதுவரை அந்த நடைமேடைக்கு அடுத்த வண்டி வரமுடியாது. மின்தொடர் வண்டியில் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. கட்டுப்பாட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நடைமேடையில் நடந்து மறுமுனைக்குப் போய்விட்டால், வண்டி திரும்பிப் புறப்படத் தயார். இழுவை மோட்டார்கள் தொடரின் பல பெட்டிகளில் பரவியிருப்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கும். ஒரு மைலுக்கு ஒரு நிலையம் என்றிருந்த பாதையில் இந்த இரண்டு வசதிகளும் சேர்ந்து, புதுப் பாதை போடாமலேயே கூடுதல் வண்டிகள் விட வழிசெய்தன.

மீட்டர் கேஜில் சென்னை

சென்னையில் தென்னிந்திய ரயில்வே எடுத்த முடிவு இன்னும் துணிச்சலானது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான பாதை மீட்டர் கேஜ். இந்தியாவில் அதுவரை எந்த மீட்டர் கேஜ் பாதையும் மின்மயமானதில்லை. 1931 மே மாதம் இங்கே 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் பயணிகள் சேவை தொடங்கியது. தியாகராய நகர் மனைகளாகப் பிரிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கத் தக்க இடங்களானதில் இந்த வண்டிக்குப் பெரும் பங்குண்டு.

1957: ஒரே ஆண்டில் இரண்டு முடிவுகள்

விடுதலைக்குப் பின் மின்ரயில் பெற்ற முதல் பெருநகரம் கல்கத்தா. 1957 டிசம்பரில் ஹவுராவிலிருந்து ஷியோராபுலி வரை முதல் மின்தொடரைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது 3,000 வோல்ட் நேர்மின்சாரம். ஆனால் அதே ஆண்டில்தான் இந்திய ரயில்வே, பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையுடன், இனி நாடெங்கும் 25,000 வோல்ட் மாறுமின்சாரமே என்று தீர்மானித்திருந்தது. புத்தம் புதிய ஹவுரா பாதை ஓடத் தொடங்கும்போதே பழைய முறையாகிவிட்டது.

இந்த முடிவின் காரணம் எளிய கணக்கு. ஒரே அளவு ஆற்றலை அனுப்ப மின்னழுத்தம் கூடக்கூட மின்னோட்டம் குறையும். 1,500 வோல்ட்டில் தேவைப்படும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு 25,000 வோல்ட்டில் போதும். அதனால் மேலே செல்லும் கம்பி மெலிதாகலாம். சில கிலோமீட்டருக்கு ஒன்றாக இருந்த துணைமின்நிலையங்களைப் பல பத்துக் கிலோமீட்டருக்கு ஒன்றாக வைக்கலாம். 1920களில் இது கைகூடாததற்குக் காரணம் மோட்டார்தான். நின்ற வண்டியை உந்தித்தள்ளும் வலு நேர்மின்சார மோட்டாருக்கு இருந்தது. மாறுமின்சாரத்தை வண்டிக்குள்ளேயே நேர்மின்சாரமாக்கும் நம்பகமான கருவி அன்று இல்லை. அந்தக் கருவிகள் தேறியபின் உயர் மின்னழுத்தத்துக்கு வழி திறந்தது.

சென்னை இந்த மாற்றத்துக்கு விரைவில் தயாரானது. தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை 25,000 வோல்ட் கம்பி வந்தபோது, ஒரே பாதையில் இரண்டு மின்முறைகளை வைத்துக்கொள்வதில் பொருளில்லாமல் போனது. 1967 ஜனவரியில் கடற்கரை–தாம்பரம் பகுதியும் மாறுமின்சாரத்துக்கு மாறியது. நேரு 1955இல் தொடங்கிவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1960களில் மின்தொடர்ப் பெட்டிகளையும் செய்யத் தொடங்கியிருந்தது. ஹவுராவும் 3,000 வோல்ட்டைக் கைவிட்டது.

மும்பையின் நீண்ட காத்திருப்பு

மும்பையால் அப்படி மாறமுடியவில்லை. ஒரு நாள்கூட நிறுத்தமுடியாத வண்டிகள், நூற்றுக்கணக்கான நேர்மின்சாரப் பெட்டிகள், தாழ்வான பழைய பாலங்கள். மின்னழுத்தம் கூடினால் கம்பிக்கும் பாலத்துக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியும் கூடும். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு அருகே 1879இல் கட்டிய ஹான்காக் பாலத்தை 2016 ஜனவரியில் இடித்ததற்கு இந்த உயரச் சிக்கலும் ஒரு காரணம்.

ஆகவே மாற்றம் துண்டு துண்டாக நடந்தது. இடைக்காலத்தில் இரண்டு மின்முறைகளிலும் ஓடக்கூடிய வண்டிகள் தேவைப்பட்டன. 2007இல் வந்த சீமென்ஸ் மின்கருவிகள் கொண்ட பெட்டிகள் அத்தகையவை. இரண்டு மின்முறைகளும் சந்திக்கும் இடத்தில் மின்சாரமே இல்லாத சிறு பகுதி விடப்பட்டிருக்கும். மோட்டார்மேன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஓடிய வேகத்திலேயே அதைக் கடந்து, மறுபுறம் புதிய மின்னழுத்தத்தில் மீண்டும் இணைக்கவேண்டும். மேற்கு ரயில்வே 2012இல் மாற்றத்தை முடித்தது. மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை 2015இல் மாறியது. எங்கே தொடங்கியதோ அந்தத் துறைமுகப் பாதையில்தான் 2016 ஏப்ரலில் 1,500 வோல்ட்டும் முடிவுக்கு வந்தது.

பயணிக்கு இதில் என்ன கிடைத்தது? புதிய மும்முனை மோட்டார் வண்டிகள் பிரேக் போடும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. 1925இல் நான்கு பெட்டிகளோடு தொடங்கிய வண்டி 12, 15 பெட்டிகளாக நீண்டிருக்கிறது. அதிக ஆற்றலை இழுக்கும் இத்தகைய வண்டிகளுக்கும் குளிரூட்டப்பட்ட வண்டிகளுக்கும் உயர் மின்னழுத்தம் இடம் கொடுத்தது.

மும்பையும் மாறி மின்சாரம் நாடெங்கும் ஒன்றாகும் முன்பே, சென்னையில் தண்டவாளமும் மாறியிருந்தது. ஒரு மீட்டர் பாதையிலிருந்து 1.676 மீட்டர் அகலப்பாதைக்கு மாறும் பணி கட்டம் கட்டமாக நடந்து, 2004 ஜூலை 1 அன்று கடைசி மீட்டர் கேஜ் மின்தொடர் ஓடி ஓய்ந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் மாம்பலம் மேடையில் நின்றவர்கள் பார்த்துப் பழகிய ஒடுக்கமான பெட்டிகளின் இடத்துக்கு 3.66 மீட்டர் அகலப் பெட்டிகள் வந்தன.

தீராமல் நிற்பது கதவு. அரை நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் ஏறி இறங்குவதற்காக அகலமாகத் திறந்தே வைக்கப்பட்ட வாசல்கள், தொங்கிச் செல்வோர் தவறி விழும் இடங்களாகவும் இருந்துவருகின்றன. 2025 ஜூனில் மும்ப்ரா அருகே பயணிகள் விழுந்து இறந்தபின், மும்பைக்கான புதிய பெட்டிகள் அனைத்துக்கும் தானாக மூடும் கதவுகள் வைக்கப்படும் என்று ரயில்வே அறிவித்தது. அத்தகைய கதவுகளோடு பெரம்பூரில் செய்த குளிரூட்டப்பட்ட வண்டி 2017 டிசம்பர் 25 அன்றே போரிவலியிலிருந்து சர்ச்கேட்டுக்கு ஓடத் தொடங்கியிருந்தது. சென்னைக்கு அது வந்தது 2025 ஏப்ரலில். 1931இல் மின்வண்டி முதன்முதலாக ஓடிய அதே கடற்கரை–தாம்பரம் பாதையில், அகலப்பாதையின் மேல், 25,000 வோல்ட் கம்பியின் கீழ், கதவை மூடிக்கொண்டு அது செங்கல்பட்டு நோக்கிப் புறப்பட்டது.