சுக்கான் கைமாறும் வேளை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு இணையாகச் செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று குதிரைகளைக் காண இயலாது. மீன்தலைக் கறிக்குப் பெயர்பெற்ற உணவகங்களும் புத்தர் கோயில்களும் அங்கே உள்ளன. பந்தயத்தின் நினைவாக எஞ்சியிருப்பது சாலையின் பெயர் மட்டுமே. ஆனால் அச்சாலையின் அடியில் மற்றோர் ஓட்டம் இரவு பகலாக நடைபெற்று வருகிறது. 2003ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் தொடங்கிய வடக்கு-கிழக்கு ரயில் பாதை, லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் ஆகிய நிலையங்களைத் தொட்டுக்கொண்டு பொங்கோலை நோக்கிச் செல்கிறது. அந்த ரயில்களின் முகப்பில் ஓட்டுநருக்கு இருக்கை இல்லை. முழுவதும் நிலத்தடியில் தானியங்கியாக ஓடும் முதற் பெருவிரைவு ரயில் பாதைகளுள் ஒன்று என்று உலகம் அதனை வியந்து நோக்கியது.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 27ஆம் பாடல் நினைவுக்கு வருவது இயல்பே. வலவன் செலுத்தாமலே வானில் செல்லும் ஊர்தியைப் பற்றி முதுகண்ணன் சாத்தனார் அப்பாடலில் பேசுகிறார். இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் விமானம் செய்தனர் என்று மேடையில் முழங்குவோரும் உளர். புலவர் சொன்னது அதுவன்று. புலவர் பாடும் புகழுடையோர் மறுமையில் பெறும் பேற்றையே அவர் குறித்தார். எனினும் ஒன்று உண்மை. ஊர்தி என்றவுடன் அதனைச் செலுத்துவோனையும் சேர்த்தே எண்ணிப் பழகிய மக்களுக்கு, செலுத்துவோன் இல்லாத ஊர்தி விண்ணுலகுக்கே உரியதாகத் தோன்றியது. அது மண்ணுலகுக்கு, அதுவும் மண்ணுக்கு அடியில், வந்து சேர்ந்த வரலாற்றில் பந்தயங்களுக்கு ஒரு பங்கு உண்டு. குறிப்பாக, ஒருவர் தனித்துத் தாங்க இயலாத நெடுநேரப் பந்தயங்களுக்கு.

1842இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர்ப் பந்தயச் சங்கம் 1843இல் ஃபேரர் பார்க் திடலில் முதற் பந்தயத்தை நடத்தியது. 1933இல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியது. பின்னர் கிராஞ்சிக்குச் சென்றது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயத்துடன் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிவுற்றது. ஆயின் ஃபேரர் பார்க் திடல் கண்ட ஓட்டங்களுள் மிக நீண்டது குதிரையால் நிகழ்ந்ததன்று.

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்குப் பத்தாயிரம் பவுன் பரிசளிப்பதாக ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. 1919 நவம்பர் 12ஆம் நாள் ராஸ் சிமித், அவருடைய அண்ணன் கீத் சிமித், பொறிவினைஞர்களாகிய பென்னட், ஷியர்ஸ் ஆகிய நால்வரும் விக்கர்ஸ் விமி என்னும் குண்டுவீச்சு விமானத்தில் லண்டனுக்கு அருகிலிருந்து புறப்பட்டனர். டிசம்பர் 4ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தபோது இறங்குவதற்கு விமான நிலையம் ஏது? குதிரைப் பந்தயத் திடலே இருந்தது. அதுவும் அத்துணைப் பெரிய விமானத்துக்குப் போதாத சிறு திடல். ராஸ் சிமித் விமானத்தைத் தாழ்த்தியபோது பென்னட் தம் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் தவழ்ந்து வால் பகுதிக்குச் சென்று அமர்ந்தார். அவருடைய உடல் எடையால் வால் விரைவில் தரையைத் தொட, விமானம் குறுகிய தொலைவில் நின்றது. டிசம்பர் 10ஆம் நாள் அவர்கள் டார்வினை அடைந்து பரிசை வென்றனர்.

இந்நிகழ்ச்சியில் நெடுநேரப் பந்தயத்தின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. விமானத்தைச் செலுத்துவோர் ஒருவர். வழி பார்த்து, வேண்டும்போது விமானத்தையும் ஏற்றுக்கொள்வோர் மற்றொருவர். இரவெல்லாம் விழித்துப் பொறியைப் பழுதுபார்ப்போர் இருவர். சுக்கானைப் பிடிக்காதவர் சும்மா இருப்பவர் அல்லர் என்பதற்கு வாலில் அமர்ந்த பென்னட்டே சான்று.

மகிழுந்துப் பந்தயத்தில் இவ்விலக்கணத்துக்கு விதியாக வடிவம் தந்தது பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரம். 1923 முதல் அங்கு 24 மணி நேரப் பந்தயம் நடைபெற்று வருகிறது. தொடக்கத்தில் ஒரு வண்டிக்கு இருவர், இக்காலத்தில் மூவர். ஒருவர் ஓட்ட, ஏனையோர் உறங்கலாம்; உண்ணலாம்; வண்டி மட்டும் உறங்காது. சிங்கப்பூரில் 2008 முதல் மரினா பே தெருக்களில் நடைபெறும் இரவுப் பந்தயம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நீடிக்கிறது. அதற்கே வெப்பத்தாலும் வியர்வையாலும் ஓட்டுநர்கள் மூன்று கிலோ வரை எடை குறைந்து இறங்குகின்றனர். அதனைப்போல் பன்னிரண்டு மடங்கு நேரத்தை ஒருவர் தனித்து ஓட்ட எண்ணுவது பேதைமை என்றுதான் தோன்றும்.

அவ்வாறு எண்ணியவர் ஒருவர் இருந்தார். 1952இல் பிரெஞ்சு ஓட்டுநர் பியேர் லெவேக், தம் டால்போ வண்டியை லெ மான்ஸில் தாமே ஓட்டினார். மாற்று ஓட்டுநர் மார்ஷான் பணிமனையில் ஆயத்தமாகக் காத்திருந்தார். வண்டி வந்து நிற்கும், எரிபொருள் நிரப்பப்படும், லெவேக் இறங்காமலே மீண்டும் செல்வார். பொறியில் ஏதோ அதிர்வு இருந்ததென்றும், அதனைத் தம் கையால் மட்டுமே பேணிச் செலுத்த முடியும் என்று அவர் நம்பினாரென்றும் கூறுவர். பிறரைவிடப் பல சுற்றுகள் முந்தியிருந்த நிலையில், பந்தயம் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எஞ்சியிருந்தபோது பொறி உடைந்தது. களைப்பில் அவர் பற்சக்கரத்தைத் தவறாக மாற்றியதே காரணம் என்பது பலர் கூறும் விளக்கம். வெற்றி ஜெர்மானிய மெர்சிடிஸ் வண்டிகளுக்குச் சென்றது. இன்றைய விதியின்படி ஓர் ஓட்டுநர் ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணிக்கு மேலோ, மொத்தத்தில் 14 மணிக்கு மேலோ ஓட்டலாகாது.

லெவேக்கைப் பழிப்பது எளிது. ஆனால் தம் வகுப்பை ஒரு நாள் பிறரிடம் ஒப்படைத்து விடுப்பில் செல்லும் ஆசிரியர் எவரும் அவர் மனத்தை அறிவர். ஒப்படைப்பதில் ஒரு துன்பம் உண்டு. தமிழ்நாட்டு ஓட்டுநர் இருவர் அத்துன்பத்தை வேறு வகையில் அறிந்தவர்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2009இல் லெ மான்ஸ் சென்றார். பந்தயம் தொடங்கும் வேளையில் பணிமனைச் சுவரிலிருந்து விழுந்து தோள்மூட்டு விலகியதால் அவரால் ஓட்ட இயலவில்லை. மூவருக்குரிய சுமையைக் கூட்டாளிகளான லாட்டரரும் ஸ்வோல்ஸ்மனும் ஏற்று 24 மணி நேரமும் மாறி மாறி ஓட்டி ஏழாம் இடம் பெற்றனர். 2025 சனவரியில் துபாயில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில், நடிகர் அஜித் குமார் பயிற்சியின்போது நேர்ந்த விபத்துக்குப் பின் தம் அணியின் வண்டியை ஓட்டாமல் விலகி நின்றார். அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

இதுவரை கூறியவை மனிதர் மனிதரிடம் சுக்கானை ஒப்படைத்த செய்திகள். இயந்திரத்திடம் ஒப்படைத்த வரலாறும் வானிலேயே தொடங்குகிறது. அமெரிக்கர் வைலி போஸ்ட், 1931இல் வழிகாட்டி ஹரோல்ட் கேட்டியுடன் உலகைச் சுற்றி வந்தார். எடுத்துக்கொண்ட காலம் 8 நாள் 15 மணி 51 நிமிடம். 1933 சூலையில் அதே விமானத்தில் மீண்டும் சுற்றினார். இம்முறை கேட்டி இல்லை. அவருக்குப் பதிலாகச் சுழலும் சக்கரங்களின் துணையால் விமானத்தை நேராகச் செலுத்தும் ஸ்பெரி நிறுவனத்தின் தானியங்கிக் கருவி இருந்தது. 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் சுற்றி முடித்தார். மனிதத் துணையைவிட இயந்திரத் துணையே சிறந்தது என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் ஆகாது. அந்தக் கருவி வழியில் பலமுறை பழுதுற்றது. அதனைச் செப்பனிடவே போஸ்ட் இடையிடையே இறங்க நேர்ந்தது. கேட்டி வழி சொன்னார். கருவி வழி சொல்லாது. வானையும் நிலத்தையும் பார்த்து வழி காணும் வேலை முழுவதும் மீண்டும் போஸ்டின் தலையில் விழுந்தது.

இவ்வரலாற்றின் அண்மைக் கிளைதான் கணினி விளையாட்டு. ரேஸ் கோர்ஸ் சாலையின் அடியில் ஓட்டுநரற்ற ரயில் ஓடத் தொடங்கிய பதினெட்டு மாதங்களில், 2004 டிசம்பர் 28 அன்று, கசுனோரி யமவுச்சியின் குழு உருவாக்கிய 'கிரான் டுரிஸ்மோ 4' ஜப்பானில் வெளிவந்தது. லெ மான்ஸ் முதலிய தடங்களில் 24 மணி நேரப் பந்தயங்கள் அதில் இடம்பெற்றன. அவை உண்மையாகவே 24 மணி நேரம் நடப்பவை. நடுவில் நிறுத்திச் சேமித்துவைத்து மறுநாள் தொடரும் வசதி இல்லை. பள்ளிக்குச் செல்லும் மாணவனோ, வேலைக்குச் செல்லும் இளைஞனோ என் செய்வான்? அதற்கெனவே 'பி-ஸ்பெக்' என்னும் முறை அமைக்கப்பட்டது. பணிமனையில் வண்டி நிற்கும்போது சுக்கானை இயந்திர ஓட்டுநரிடம் ஒப்படைக்கலாம், மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். ஒப்படைத்தபின் விளையாடுபவர் அணித்தலைவர் ஆகிறார். வேகத்தைக் கூட்டு, குறை, முன்வண்டியைத் தாண்டு, பணிமனைக்கு வா என்று கட்டளையிடுவது அவர் பணி. காலத்தை மூன்று மடங்கு விரைவாக ஓட்டவும் வழி இருந்தது. 24 மணி நேரம் எட்டாகச் சுருங்கும்.

விளையாடுவோர் அந்த முகமற்ற ஓட்டுநருக்குப் 'பாப்' என்று செல்லப்பெயர் இட்டனர். தொடக்கத்தில் அவர் மந்த மாணாக்கரே. வண்டித் திறன், தடத் திறன், போட்டித் திறன் ஆகியன ஓட ஓடவே வளரும். மெதுவாகச் செல்லும் வண்டியின் பின்னால் தயங்கி நிற்பார். வேகத்தைக் கூட்டச் சொன்னால் சக்கரங்களைத் தேய்ப்பார், தவறும் செய்வார். அவரை நம்பி உறங்கிவிட்டு விடியலில் எழுந்து பார்த்தோர் பலர் முன்னிலையை இழந்திருந்தனர். விழித்திருந்து, சக்கரத் தேய்மானத்தையும் எரிபொருளையும் கணக்கிட்டு, கடினமான நேரங்களில் தாமே சுக்கானை ஏற்றோர் வென்றனர். லெ மான்ஸ் தடத்தின் வளைவுகளை அப்போதைய மாணவர் சிலர் நிலநூல் பாடத்தைவிட நன்கு அறிந்திருந்தனர் என்பது வேறு கதை.

வெற்றி யாருடையது என்னும் வழக்கு இங்கே எழுகிறது. அவ்விளையாட்டு அதற்குத் தந்த விடை நேர்மையானது. தாமே ஓட்டிப் பெறும் புள்ளிகளை ஒரு கணக்கிலும், இயந்திர ஓட்டுநரின் தேர்ச்சியை வேறொரு கணக்கிலும் அது எழுதிவைத்தது. பரிசு பொதுவாக இருக்கலாம். திறமையின் கணக்கு பொதுவாக இருத்தல் இயலாது.

2005இல் வெளிவந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' வேறு வழியில் சென்றது. அதில் இயந்திர ஓட்டுநரை விளையாடுபவரே பயிற்றுவிக்க வேண்டும். அவர் ஓட்டும் முறையைக் கணினி உற்றுநோக்கிக் கற்று, பின்னர் அவருக்குப் பதிலாக ஓட்டும். வளைவில் தாமதமாகத் தடை போடும் ஆசிரியருக்கு அவ்வாறே தாமதிக்கும் மாணாக்கர் வாய்ப்பார். இதனை ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2021இல் சோனி நிறுவனத்தின் 'சோஃபி' என்னும் செயற்கை நுண்ணறிவு ஓட்டுநர் உலகின் தலைசிறந்த கிரான் டுரிஸ்மோ வீரர்களுடன் மோதியது. சூலையில் அணிப் புள்ளிகளில் 86க்கு 70 என மனிதர் வென்றனர். அக்டோபரில் 104க்கு 52 எனச் சோஃபி வென்றது. வேகத்தைக் கற்பிப்பதைவிடப் பந்தய ஒழுக்கத்தைக் கற்பிப்பதே அதனை உருவாக்கியோருக்கு அரிதாக இருந்தது. மோதினால் தண்டம் என்று வைத்தால் அது அஞ்சி ஒதுங்கியது. தண்டத்தைக் குறைத்தால் இடித்துத் தள்ளியது. அளவறிந்து நெருங்கப் பழக்கவே நெடுநாள் ஆயிற்று. தோற்ற வீரர்களோ அதன் தடங்களைப் பார்த்துப் புதிய வழிகளைக் கற்றுக்கொண்டனர்.

நளவெண்பாவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதற்கு ஒப்பானதொரு காட்சியை அறிவர். வாகுகன் என்னும் பெயரில் மறைந்து வாழும் நளன், இருதுபன்னனின் தேரை ஓட்டுகிறான். நழுவி விழுந்த மேலாடையை எடுக்குமாறு மன்னன் சொல்லும் அளவில் தேர் 24 காதம் கடந்துவிட்டதாகப் புகழேந்தியார் பாடுகிறார். மன்னனுக்குத் தேரோட்டத் தெரியாது, எண்ணத் தெரியும். வழியில் நின்ற தான்றி மரத்தின் காய்களைக் கண்ட அளவிலேயே எண்ணிச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, கணக்குச் சரியென்று கண்ட பின்னரே தன் வித்தையைத் தந்து அவன் வித்தையைப் பெற்றுக்கொள்கிறான்.

ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் வந்து நிற்கும்போது சிறுவர்கள் முதற் பெட்டிக்கு ஓடுவது வழக்கம். ஓட்டுநர் இல்லாத முகப்புக் கண்ணாடியில் முகம் பதித்து, இருண்ட சுரங்கம் எதிர்கொண்டு வருவதைப் பார்த்தபடியே அவர்கள் லிட்டில் இந்தியா வரை செல்வர். அதே வேளையில், அந்த ரயில் செல்லும் இடத்தைக் கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.