சேவைச் சங்கத்தின் இரு கணக்குகள்

வணிகரும் பிற தொழில் புரிவோரும் குறித்த நாளில் கூடி உணவருந்தி, ஊர்நலப் பணிகளையும் மேற்கொள்ளும் சேவைச் சங்கங்களின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவை நிலைத்ததற்கும் நலிந்ததற்குமான காரணங்களோ பொருளாளரின் பேரேட்டில்தான் உள்ளன.

1905இல் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, முதலில் நட்பையும் தொழில் தொடர்பையும் நாடிய சிறு கூட்டமாகவே இருந்தமையால், அதன் பணம் உறுப்பினரின் சொந்த விவகாரமாக இருந்தது. பொதுப்பணிக்கு ஊராரிடம் பணம் திரட்டும் வழக்கம் பரவியபோதுதான், அப்பணத்தில் சங்கம் விருந்துண்ணலாமா என்னும் சங்கடமான வினா எழுந்தது. காப்பீட்டுத் தொழிலர் மெல்வின் ஜோன்ஸ் 1917இல் உருவாக்கியதும், 1956இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்து தமிழில் அரிமா சங்கம் எனப்படுவதுமான லயன்ஸ் அமைப்பின் விதிகள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன: உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்கிலும், பொதுமக்களிடம் திரட்டியது சேவைக் கணக்கிலும் சேரவேண்டும், நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாமேயன்றி, எஞ்சியதை நிர்வாகத்துக்குத் திருப்பலாகாது.

இவ்விதி ஊராரின் நம்பிக்கையைக் காத்தது. ஆனால் அதன் விலையைச் சிறு சங்கங்களே கொடுத்தன. கூட்ட அரங்கின் வாடகையும் அச்சுச் செலவும் உறுப்பினர் எண்ணிக்கையோடு சேர்ந்து குறைவதில்லையாதலால், சிலர் விலகினால் மீந்தோரின் சந்தா உயர்கிறது. உயர்ந்த சந்தா மேலும் சிலரை விலக்குகிறது. இதற்கு மேல், தலைமையகத்துக்கும் மாவட்டத்துக்கும் (பல சங்கங்கள் அடங்கிய நிர்வாகப் பிரிவு, அரசின் மாவட்டம் அன்று) தலைக்கு இவ்வளவு என்று செலுத்தும் கட்டணமும் உண்டு. சேவைக் கணக்கில் பணம் நிறைந்திருக்கையிலேயே சங்கம் நொடித்துப்போகக்கூடும் என்பதே இவ்வமைப்பின் விசித்திரம். வசதி படைத்தோரின் அமைப்பாகவே இவை நீடித்ததற்குத் தற்பெருமையைவிட இக்கணக்குமுறையே பெருங்காரணம் எனலாம்.

பொதுப்பணிக்கான பணத்துக்கு மட்டும் வேறு வழி பிறந்தது. ரோட்டரித் தலைவர் ஆர்ச் கிளம்ஃப் 1917இல் முன்மொழிந்த நிலைநிதி, கான்சாஸ் நகரச் சங்கம் அளித்த 26.50 டாலரில் தொடங்கி, 1928இல் ரோட்டரி அறக்கட்டளை எனப் பெயர் பெற்றது. பிற்கால ஏற்பாட்டின்படி, அதன் ஆண்டு நிதிக்குச் சங்கங்கள் அளிக்கும் நன்கொடை மூன்றாண்டு முதலீட்டில் இருந்தபின், ஏறத்தாழப் பாதி அளவு அந்தந்த மாவட்டத்தின் பணித்திட்டங்களுக்கே திரும்புகிறது. அதிலிருந்தும் சங்கத்தின் வாடகைக்கோ விருந்துக்கோ ஒரு காசும் எடுக்க விதி இடந்தராது.