ஜாம் போத்தலும் மஞ்சள் சாக்கும்

குப்பையைக் குறையுங்கள், ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பாவியுங்கள் என்று யாராவது சொன்னால் எங்கட ஆட்களிடம் இரண்டு பதில் தயாராக இருக்கும். ஒன்று, "இதெல்லாம் வெள்ளைக்காரன்ர வேலை." மற்றது, "இதை நாங்கள் ஊரில எப்பவோ செய்தனாங்கள், எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம்." இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஊரில் என்ன செய்தோம், ஏன் செய்தோம், இங்கே வந்து ஏன் விட்டோம் என்பதைக் கொஞ்சம் வரிசையாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு நினைவு தெரிந்த யாழ்ப்பாணத்து வீட்டில் குப்பை என்றால் முற்றத்தில் விழுந்த மாவிலையும் பூவரசமிலையும்தான். கூட்டி அள்ளித் தென்னையடியில் தாழ்த்துவார்கள். பாத்திரம் கழுவிய தண்ணி வாழைக்கு. மரக்கறித் தோல் ஆட்டுக்கு, கஞ்சித் தண்ணி மாட்டுக்கு. அடுப்புச் சாம்பலும் பொச்சும் சட்டி மினுக்க. கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, உமல், பாய் எல்லாம் பனையோலை. வேலி அடைத்த ஓலையும் கூரை வேய்ந்த ஓலையும் பழசானால் தோட்டத்துக்குப் பசளை. ஆறு இல்லாத குடாநாடு. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணியைக் கிணற்றில் அள்ளித்தான் சீவியம் என்பதால் தண்ணியைக் கண்டபடி ஊற்றவும் மாட்டார்கள்.

இதை நினைத்து உருகுகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் வந்த சாமான்களே உக்கிப்போகிற சாமான்கள். வெளியே எறிய அதிகம் இருக்கவில்லை. அடுத்தது, விடியக் காலமை முற்றம் கூட்டியதும் சாம்பல் போட்டுச் சட்டி மினுக்கியதும் அம்மாவும் அக்காவும். சாய்மனைக் கதிரையில் இருந்து பேப்பர் படித்த ஐயா இல்லை.

பிறகு 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் என்று தடைப்பட்ட சாமான்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் யானை விலை. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. வெறும் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் கோத்து நிறுத்திய ஒரு சின்னத் திரி. ஒரு லாம்பு குடிக்கிற எண்ணெயில் அது எத்தனையோ இரவு எரியும். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் ஒரு தலைமுறை சோதனை எழுதியது.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவை இணைத்துத் தமிழோசை கேட்டோம். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். பத்திரிகைத்தாள் இல்லாமல் உதயன் பேப்பர் கொப்பித்தாளிலும் வந்தது. ஒரு ஆணி, ஒரு நூல், ஒரு துண்டுக் கடதாசி வீணாகப் போகவில்லை.

சிலர் இதை இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமை வருவதில்லை. சவர்க்காரம் இல்லாத அதே ஊரில் மருந்துக்கும் தட்டுப்பாடு. ஆட்கள் செத்தார்கள். அது ஒரு அரசாங்கம் ஒரு சனத்தின் மேல் போட்ட தண்டனை. அதைச் சூழல் பாதுகாப்பு என்று சொன்னால் அந்தச் சனத்துக்குச் செய்கிற அநியாயம். ஒருநாள் இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு என் மகள், "அப்ப நீங்கள் எல்லாரும் இயற்கை ஆர்வலர்களா அப்பா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, எங்களிட்ட மண்ணெண்ணெய் இல்லை" என்றேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது ஜாம் போத்தல் விளக்கையும் விட்டுவிட்டுத்தான் நாங்களும் நடந்தோம்.

அடுத்த வருசம் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தேன். 1993 இல் கொண்டுவந்த சட்டத்தின்படி அகதிகளுக்குக் காசுக்குப் பதிலாகப் பல இடங்களில் சாமானாகத்தான் கொடுத்தார்கள். நான் இருந்த ஹைமில் சாப்பாட்டுப் பொதி வரும். பாணுக்கு ஒரு பிளாஸ்ரிக், சீஸுக்கு ஒன்று, ஜாமுக்கு ஒரு சின்னக் கிண்ணம். ஐந்து வருசம் ஜாம் போத்தலைப் பொன்போல வைத்திருந்தவனுக்கு ஒருவாய் ஜாமுக்கு ஒரு பிளாஸ்ரிக் கிண்ணம்! சாப்பிட்டு முடிய, அதையெல்லாம் எந்தச் சாக்கில் போடுவது என்று சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

பிறகு நான் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு வயதான ஜேர்மன் அம்மா. பரிசு சுற்றிவந்த கடதாசியை மடித்து வைப்பார், வெறும் போத்தல்களைக் கழுவி அடுக்குவார். அவர் சொல்லித்தான் இந்த நாட்டின் மற்றக் கதையைத் தேடிப் படித்தேன். 1945 இல் போர் முடிந்தபோது இவர்களிடமும் ஒன்றுமில்லை. சிப்பாய்களின் இரும்புத் தொப்பியில் ஓட்டை போட்டுச் சமையலறை வடியாக்கினார்கள். அந்த வடிகளை இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பரசூட் துணியில் சட்டை தைத்தார்கள். பெர்லின் நடுவிலுள்ள ரியர்கார்ட்டன் பூங்காவின் மரங்களை விறகுக்குத் தறித்துவிட்டு அங்கே உருளைக்கிழங்கு நட்டார்கள். இங்குள்ள பழைய குப்பை வாளிகளின் மூடியில் 'சூடான சாம்பல் போடாதே' என்று பொறித்திருக்கும். அந்தக் காலத்து வாளிக்குள் போனதில் பெரும்பங்கு அடுப்புச் சாம்பல். எங்கட ஊரைப் போலத்தான்.

அந்தச் சனம் எவ்வளவு காலம் அப்படி இருந்தது? ஐம்பதுகளில் பொருளாதாரம் நிமிர்ந்தது. நிலக்கரி அடுப்பு போய் எண்ணெய்ச் சூடாக்கி வந்தது, சுப்பர்மார்க்கெற் வந்தது, பிளாஸ்ரிக் வந்தது. தொப்பியில் வடித்துச் சாப்பிட்ட அதே தலைமுறை எறியத் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனியில் ஏறத்தாழ 50,000 குப்பை மேடுகள் இருந்தன. 1972 இல்தான் முதலாவது தேசியக் குப்பைச் சட்டம் வந்தது. பொதிசெய்து விற்கிறவர்களே அந்தப் பொதியின் முடிவுக்கும் பொறுப்பு என்ற விதி, கிளவுஸ் ரொப்ஃபர் சுற்றாடல் அமைச்சராக இருந்த 1991 இல் வந்தது. எங்கட வீட்டு மஞ்சள் சாக்கு அதன் பிள்ளை. ஒருதரம் பாவிக்கும் பானப் பேணிக்கும் போத்தலுக்கும் 2003 ஜனவரியில் முற்பணம் வந்தது. சமையலறைக் கழிவைப் புறம்பாகச் சேர்ப்பது 2015 இல் கட்டாயமானது.

இதில் நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். பஞ்சம் கொடுத்த பழக்கம் பஞ்சத்தோடு போய்விடும். ஜேர்மன்காரனுக்கும் போனது, எங்களுக்கும் போனது. அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது நல்ல மனம் மட்டுமில்லை. சட்டமும் காசும். 25 சதத்துக்காகத்தான் வெறும் போத்தல் திரும்பக் கடைக்குப் போகிறது.

மஞ்சள் சாக்கையும் கோயிலாக்க வேண்டாம். அதற்குள் போடுவதில் கணிசமான பங்கு கடைசியில் எரிக்கப்படுகிறது. ஐரோப்பாவில் பிரித்துப் போடும் குப்பை எங்கெல்லாம் போகிறது என்பதற்கு எங்கட நாடே சாட்சி. பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்த குப்பைக் கொள்கலன்கள் 2019 இல் பெரிய பிரச்சினையாகி, 2020 தொடக்கம் 2022 வரை கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டன. ஆகவே பிரித்துப் போடுவதைவிட வாங்காமல் விடுவதுதான் பெரிய காரியம்.

அங்கேதான் எங்கட ஆட்களுக்கு இடிக்கிறது. சாமத்தியவீடு, பிறந்தநாள் என்றால் முந்நூறு பேருக்கு ரெஜிபோம் கோப்பை. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்ததும் கடதாசிக் கோப்பைக்கு மாறினோம், எறிவது மாறவில்லை. வந்த புதிதில் தெருவில் எறிந்த தளபாடத்தைத் தூக்கிவந்து வீடு நிரப்பியவர்கள், இப்போது பழைய சாமான் என்றாலே முகம் சுழிக்கிறார்கள். இதைக் கொழுப்பு என்று நான் சொல்லமாட்டேன். மிச்சம் பிடிப்பது எங்களுக்குப் பங்கரையும் வரிசையையும் ஞாபகப்படுத்துகிறது. "நாங்கள் பட்டது பிள்ளையள் படக்கூடாது" என்ற பயம் அது. ஆனால் இல்லாமல் கிடப்பதும், இருக்கும்போது வீணாக்காமல் விடுவதும் இரண்டு வேறு காரியம். முதலாவதை எங்கள் மேல் சுமத்தினார்கள். இரண்டாவதை நாங்களே தெரிவுசெய்யலாம்.

எங்கட வீட்டில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. குடிக்கக் குழாய்த் தண்ணி. சோடா வேண்டுமென்றால் திரும்பக் கொடுக்கிற கண்ணாடிப் போத்தல். அதைக் கழுவிக் கழுவி ஐம்பது தடவை வரை நிரப்புவார்களாம். நாலு குடும்பமாகச் சேர்ந்து நூறு எவர்சில்வர் கோப்பை வாங்கி வைத்திருக்கிறோம், விசேஷம் வருகிற வீட்டுக்கு அது போகும். ஆட்களை எண்ணி அரிசி போடுகிறோம். மிஞ்சினால் அடுத்தநாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறோம். முக்கியமான விதி: அந்த நூறு கோப்பையையும் ஆம்பிளையள்தான் கழுவவேண்டும். இல்லாவிட்டால் அம்மாவின் முதுகில் ஏற்றிய பழைய சிக்கனம்தான் திரும்பி வரும்.

ஊரும் இப்போது மாறிவிட்டது. 2002 இல் ஏ9 திறந்தபின் சொப்பிங் பாக்கும் லஞ்ச் சீற்றும் வெள்ளமாக வந்தன. 2017 செப்ரெம்பர் 1 தொடக்கம் லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் இலங்கையில் தடை. யாழ். மாநகரத்துக் குப்பை கல்லுண்டாய் வெளியில் மேடாகக் குவிந்தது. புகையும் நாற்றமும் அயலில் குடியிருக்கும் ஏழைச் சனத்துக்கு. விடுமுறைக்குப் போய் ஊரில் கலியாணமும் சாமத்தியவீடும் பெரிதாகச் செய்கிறவர்கள் நாங்கள்தான். எங்கட விழா முடிந்து நாங்கள் விமானம் ஏறியபிறகு அந்தக் குப்பை அங்கேதான் கிடக்கும். அடுத்தமுறை மண்டபக்காரரிடம் வாழையிலை போடச் சொல்லுங்கள். கொஞ்சம் காசு கூடத்தான் வரும். அது எங்களிடம் இருக்கிறது.