கம்போஸ்ட் பின்னில் நாத்தம், புழு... தப்பு எங்கே நடக்குது? சின்ன தோட்டத்துக்கு ஒரு விளக்கம்

மாடியில் நாலு தொட்டி, பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி என்று தொடங்கும் தோட்டம் கொஞ்சம் வளர்ந்ததும் வீட்டுக்கு வருவது கம்போஸ்ட் பின். முதல் வாரம் வெங்காயத் தோலும் வாழைப்பழத் தோலும் ஆர்வமாக உள்ளே போகும். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் குமட்டும். அடியில் கருப்பாகத் தண்ணீர், மேலே நெளியும் புழு. பக்கத்து வீட்டுக்காரர் "என்னங்க இப்படி வாடை அடிக்குது?" என்று கேட்ட அன்றோடு பின் மூலைக்குப் போய்விடும். காய்கறித் தோல் பழையபடி கார்ப்பரேஷன் வண்டிக்கு.

இப்படிப் பாதியில் நிற்கும் பின்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு ஒன்றுதான். ஈரக்குப்பை மட்டும் போடுகிறார்கள், சருகு போடுவதில்லை.

உள்ளே என்னதான் நடக்குது?

குப்பையை உரமாக்குவது பாக்டீரியாவும் பூஞ்சையும். இவற்றுக்கு நைட்ரஜன், கார்பன் இரண்டும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை சீராக நடக்கும். காய்கறிக் கழிவில் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம், கார்பன் குறைவு. காய்ந்த இலையில் நேர் எதிர். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

சருகு செய்யும் இன்னொரு வேலை இதைவிட முக்கியம். ஈரக்குப்பை தானாகவே அமுங்கிக் கூழாகிவிடும். அதற்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வேறு வகை பாக்டீரியாக்கள் பெருகும். அழுகிய முட்டை வாடையும் புளித்த வாடையும் அப்படி வருவதுதான். சருகு இடையில் இருந்தால் காற்றுக்கு வழி விடும், அதிகப்படி ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

குப்பைக் கிடங்குகளிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. மலைபோல் குவிந்த குப்பைக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. அது எரியக்கூடிய வாயு. சென்னை பெருங்குடி கிடங்கில் 2022 ஏப்ரலில் பிடித்த தீயின் புகை அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளைத் திணறடித்தது. மூலையில் ஒதுக்கப்பட்ட பின்னுக்குப் பதில் வண்டி ஏறும் காய்கறித் தோல், தனியாகப் பிரித்து உரமாக்கப்படாவிட்டால், கடைசியில் இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது.

கிராமத்து எருக்குழியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சாணத்தோடு வைக்கோலும் கூளமும் வாசல் பெருக்கிய இலையும் சேர்ந்தே அதில் விழும். அடுக்குமாடி வீட்டின் பிளாஸ்டிக் பின்னில் விழுவது சமையலறைக் கழிவு மட்டும். விடுபட்டது அந்த வைக்கோல்தான்.

எவ்வளவு போடணும்?

எடை பார்க்கத் தேவையில்லை. ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டால், அதன் மேல் ஒன்றரை முதல் இரண்டு கிண்ணம் சருகு. கழிவு வெளியே தெரியாதபடி மூடிவிட வேண்டும். திறந்து கிடந்தால்தான் ஈ வந்து முட்டையிடும்.

வாரம் ஒன்றிரண்டு முறை குச்சியாலோ சின்ன மண்வெட்டியாலோ அடிவரை கிளறிவிட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துக் கையில் பிழியலாம். பிழிந்து விட்ட துணி மாதிரி ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு. உதிர்ந்தால், எறும்பு ஊர்ந்தால், தண்ணீர் தெளிக்கலாம்.

விலையுயர்ந்த பின் கட்டாயமில்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளியைக் கழுவி, பக்கவாட்டிலும் அடியிலும் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வைத்தால் போதும். இரண்டு வாளி இருப்பது நல்லது. ஒன்று நிறைந்து மக்கும்போது இன்னொன்றில் போடலாம். "கல்ச்சர் பவுடர்" வாங்கினால்தான் மக்கும் என்பதும் இல்லை. ஒரு கை பழைய தொழு உரம் அல்லது தோட்டத்து மண் போட்டாலே கிருமிகள் வந்துவிடும். புளித்த மோர் தெளிக்கிறவர்களும் உண்டு. தெளிக்கலாம், ஆனால் சருகு இல்லாத பின்னை மோர் காப்பாற்றாது.

சருகுக்கு எங்கே போறது?

நகரத்தில் இதுதான் நிஜமான சிக்கல். வேம்பும் புங்கையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை கொட்டும். தெருவோரம் குவித்துக் கொளுத்தப்படும் அந்த இலையை இரண்டு சாக்கு பிடித்து வைத்தால் ஒரு சின்னக் குடும்பத்துக்குப் பல வாரம் ஓடும். கையால் நொறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். கிடைக்காத மாதங்களில் தென்னைநார்த் தூள், கிழித்த செய்தித்தாள், பளபளப்பு இல்லாத அட்டைப்பெட்டித் துண்டு. மரத்தூளும் ஆகும், ஆனால் கொஞ்சமாக.

புழு வந்தா பயப்படணுமா?

வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் நல்லது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். பழுப்பு நிறத்தில் தட்டையாக, தடித்த தோலுடன் இருக்கும் புழு பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழு. கடிக்காது, செடியைத் தின்னாது, குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்கத்தான் சகிக்காது. மெல்லிய வெள்ளைப் புழு கூட்டமாக நெளிந்தால் வீட்டு ஈ முட்டையிட்டிருக்கிறது. சருகு மூடாக்கு போதவில்லை.

மீன், இறைச்சி, எண்ணெய் ஊறிய மிச்சம் சின்ன பின்னுக்கு வேண்டாம். நாற்றமும் எலியும் அதனால்தான். குழம்பு சாதத்தில் உப்பும் இருக்கும், அது செடிக்கு ஆகாது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். டீத்தூளில் சர்க்கரை இருந்தால் அலசிவிட்டுப் போடலாம்.

எப்போ ரெடி?

ஆர்வக்கோளாறில் பலர் சறுக்குவது இங்கேதான். அரைகுறையாக மக்கியதைத் தொட்டியில் போட்டால் அது வேருக்குப் பக்கத்திலேயே மக்கத் தொடங்கி, செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். இலை மஞ்சளாகும். "கம்போஸ்ட் போட்டேன், செடி செத்துடுச்சு" என்ற புலம்பல் பலவற்றின் பின்னணி இதுதான்.

வாளி நிறைந்த நாளிலிருந்து இரண்டு முதல் மூன்று மாதம் விட வேண்டும். அதற்குள் பாதிக்கும் மேல் அமுங்கி, கருமையாகி, மழை பெய்த மண் வாசனை வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து பச்சைப்பயறு விதைத்துப் பார்க்கலாம். நன்றாக முளைத்து, நாற்று வாடாமல் நின்றால் தொட்டிக்குப் போடலாம். அப்போதும் தனியாக அல்ல. மூன்று, நான்கு பங்கு மண்கலவைக்கு ஒரு பங்கு. பழைய தொட்டி என்றால் மாதம் ஒருமுறை மேல்மண்ணைக் கிளறி இரண்டு கை போட்டாலே போதும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் பின்னைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்தி, ஒரு சாக்கு சருகைப் பிளாஸ்டிக் பையில் நனையாமல் கட்டி வைப்பது நல்லது. சலிக்கும்போது மிஞ்சும் கெட்டிக் காம்பையும் தேங்காய் நாரையும் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த வாளியின் அடியில் முதல் அடுக்காகப் போடலாம்.